வாய் தெரியும் தூரம்

தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற அந்த அம்மாளைக் காசிநாதனுக்குப் பிடித்த அளவுக்குக் குடியாத்தத்தில் வேறு ஒருவருக்கும் பிடித்திருக்காது. விசைத்தறி முதலாளி கோவிந்தராஜ் வீட்டுக் கூடத்துக்கு டி.வி. பெட்டி வந்ததிலிருந்து, சாயங்காலமானால் தெருவே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை பாட்டுப் போடும்போது வாசல் வரைக்கும் தலைகள். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஜன்னல் கம்பியில்கூட ஆள் தொங்கும். செய்தி ஆரம்பித்தால் போதும், பெண்கள் உலை வைக்கணும் என்று எழுந்துவிடுவார்கள், ஆண்கள் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுவார்கள். காசிநாதன் மட்டும் அப்போதுதான் முன்னால் நகர்ந்து, சம்மணம் போட்டு, நிமிர்ந்து உட்காருவான்.

"இன்னாடா காசி, டில்லில உனுக்கு இன்னா வேலை?" என்று யாராவது சீண்டுவார்கள். "அந்தம்மா இவனுக்கு அத்தை பொண்ணாம்" என்று இன்னொருவன் எடுத்துக்கொடுப்பான். காசிநாதன் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டுவான். தலையாட்டுவதில் அவன் பலே ஆள்.

அவன் ரசனை தனி. பாட்டு நிகழ்ச்சியை அவன் மதிப்பதே இல்லை. பாடுகிறவள் மரத்தைச் சுற்றி ஓடுகிறாள், பாதி நேரம் முதுகைக் காட்டுகிறாள், மீதி நேரம் கூந்தல் வந்து வாயை மறைக்கிறது. நாடகம் பரவாயில்லை, அதில் நடிக்கிறவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஊருக்கெல்லாம் முகத்தைக் காட்டிச் சண்டை போடுவார்கள். விவசாய நிகழ்ச்சியில் அதிகாரி தேவலை. ஆனால் அவர் கேள்வி கேட்கிற விவசாயி பெரிய மீசைக்காரனாக வந்துவிட்டால் தொலைந்தது, மீசைக்குள் போன பேச்சு போனதுதான். ராத்திரி இந்தி நிகழ்ச்சி வந்தால் அவனுக்கு ஒரே குஷி. தெருவில் ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அந்த நேரம் மட்டும் தெருவும் அவனும் ஒன்று.

செய்திதான் உசத்தி. அந்த அம்மாள் அசையமாட்டாள், திரும்பமாட்டாள், வெற்றிலை போடமாட்டாள். உதட்டை முழுசாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பாள். அவன் முகத்தை நேராகப் பார்த்து அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. பெண்டாட்டிகூட அப்படிப் பேசியதில்லை.

காசிநாதனுக்குக் காது கேட்காது.

மீசை முளைக்கும் முன்னே தறிக் கொட்டகைக்கு வந்தவன். நூலைச் சுமந்து நாடா அங்கும் இங்கும் ஓடி அடிக்கிற அடியில், முதலில் சைக்கிள் மணி போயிற்று. பிறகு குருவிச் சத்தம், பிறகு மழை. கடைசியில் தறிச் சத்தமும் போய், காலடியில் தரை அதிர்வது மட்டும் மிச்சம். கொட்டகையில் இது யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. விசைத்தறிக் கொட்டகையில் தொண்டையால் பேசுகிறவன் புதுசாக வந்தவன்தான். மற்றவர்களெல்லாம் வாயை அசைத்து, இரண்டு கையையும் ஆட்டியே பேசுவார்கள். இரண்டு விரலை உதறினால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். அந்தப் பேச்சில் காசிநாதனை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தத் தறியில் எவன் எவளைப் பற்றி என்ன சொன்னான் என்று கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்தே படித்துவிடுவான்.

சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் சுப்பராயன். சுப்பராயன் நல்ல தறிக்காரர். ஒருநாள் அவர் தறியில் பாவு நூல் பாதிக்குமேல் அறுந்து கிடக்க, அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் அவருக்கு வேலை இல்லை. "காது போய்ட்ச்சி, அதான் நிறுத்திட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள். காசிநாதன் அதையும் உதட்டில்தான் படித்தான். அன்றைக்கு அவன் வயிற்றில் விழுந்த பயம் அப்புறம் எழுந்து போகவே இல்லை.

பெண்டாட்டி தனகோடிக்கும் சொல்லவில்லை. தனகோடி வீட்டில் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிறவள், நல்லவள்தான், ஆனால் குழாயடியில் குடம் நிறைவதற்குள் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவாள். குழாயடியிலிருந்து முதலாளி வீடு எவ்வளவு தூரம்? அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவாள், இவன் திரும்பமாட்டான். "உன்னாண்ட பேசறதும் செவுத்தாண்ட பேசறதும் ஒண்ணுதான்யா" என்று நொந்துகொள்வாள். அவள் அதைத் திமிர் என்று நினைத்தாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கண்டுபிடித்தவள் மகள் அம்சவேணி. ஒரு தீபாவளிக்கு அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ அணுகுண்டைக் கொளுத்திப் போட, தெருவே துள்ளியது. காசிநாதன் நிதானமாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். குழந்தை சுற்றி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"நைனா, உனுக்குக் கேக்கலியா?"

அவன் பதறிப்போய் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, கண்ணு. அம்மாகிட்டகூட. தெரிஞ்சா நைனாக்கு வேலை போய்டும். அப்புறம் நம்ம எல்லாருக்கும் பேஜார்தான்" என்றான். அவள் அவன் உள்ளங்கையில் தன் கையை அடித்துச் சத்தியம் பண்ணினாள். அந்தச் சத்தியத்தை வாங்கியதுதான் அவன் செய்த பாவம். அன்றைக்கு அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவனுக்குக் காது அவள்தான். அம்மா கூப்பிட்டால் அவன் சட்டையை இழுப்பாள். கொட்டகைப் பேச்சு முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டாள். டி.வி. புள்ளி புள்ளியாகப் போனால் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு வேலை வந்துவிடும். மெட்ராசிலிருந்து வருகிற படம். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் முதலாளி வீட்டு மாடியில் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். உடனே காசிநாதன்தான் ஏறுவான். செய்தி அம்மாளின் உதடு கலங்கித் தெரிந்தால் அவனுக்குப் பொறுக்காது. கீழே கூடத்திலிருந்து ஆளாளுக்கு "இன்னும் கொஞ்சம்", "போய்ட்ச்சி", "தோ வந்துட்ச்சி" என்று கத்துவார்கள். ஒன்றும் கேட்காது. அம்சா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, வாயாலும் கையாலும் சொல்லுவாள். உள்ளங்கையைத் தேய்த்தால் புள்ளி. முஷ்டி பிடித்தால் நிறுத்து. இரண்டு கையையும் விரித்தால் தெளிவு.

அவனும் சும்மா இருக்கமாட்டான். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஆண்டெனாக் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பதில் சொல்லுவான். ஒற்றைக் கைப் பேச்சு தறிக்காரனுக்குக் கொன்னல் மாதிரி. முதலாளியின் மனைவி ரங்கம்மாள், "கம்பியப் புடிச்சிக்கடா பாவி, உழுந்து தொலையப் போற" என்று அலறுவார். அப்பன் கம்பியை விடுவதும் அந்தம்மாள் அலறுவதும் அம்சாவுக்குப் பெரிய வேடிக்கை. விழுந்து விழுந்து சிரிப்பாள்.

டி.வி.க்கு அடுத்தபடி அவன் கொண்டாடியது வேலூர்ப் பொருட்காட்சியை. கோட்டைக்கு எதிர் மைதானத்தில் கொட்டகை போட்டு, ராட்டினங்களை நட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். அப்பளக் கடைக்காரன் ஒரு பாட்டுப் போட்டால், மரணக் கிணறுக்காரன் அதற்குமேல் ஒன்று போடுவான். நடுவில் மோட்டார் சைக்கிள் உறுமும். அங்கே போனால் எல்லாருக்கும் காது செத்துவிடும். புருஷன் பெண்டாட்டிகூடக் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஊரே தன்னைப்போல் ஆகிவிடுகிற அந்த இடத்தில், வருஷத்துக்கு ஒருமுறை அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

அந்த வருஷம் தனகோடியால் வர முடியவில்லை. சுற்றிக் கொடுக்க வேண்டிய தார் குவிந்து கிடந்தது. அம்சாவுக்குப் பச்சைப் பாவாடை கட்டி, சடையில் கனகாம்பரம் வைத்து, வாசல் வரை வந்து நின்று, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். கைய உட்றாத" என்றாள். நல்லவேளையாக அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

பொருட்காட்சியில் ஆம்பூர்ச் செருப்புக் கடை ஒன்று இருந்தது. புதுத் தோல் வாசனை. அம்சா ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்து, கழற்ற மனமில்லாமல் கழற்றினாள். அதற்குப் பக்கத்துக் கடையில் கலர் டி.வி. பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தனை பெட்டியிலும் செய்தி அம்மாள். இத்தனை நாளும் சாம்பல் நிறத்தில் பார்த்த உதடு, சிவப்பு. புள்ளி இல்லை, கலங்கல் இல்லை. பல் தெரிந்தது, நாக்கின் நுனி தெரிந்தது. புயல் எங்கே கரை கடக்கும் என்று அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் காசிநாதன் வாங்கிக்கொண்டான். அவள் கையெடுத்துக் கும்பிட்டபோது அவனும் அறியாமல் கும்பிட்டான். இரண்டு கையாலும்.

கும்பிட்டு முடித்துப் பார்த்தால், அம்சாவின் கை அவன் கையில் இல்லை.

செருப்புக் கடையில் பார்த்தான், இல்லை. அப்பளக் கடை, வளையல் கடை, கண்ணாடி மாளிகை, எங்கும் இல்லை. கூட்டம் ஆற்றுவெள்ளம்போல் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. "பச்சைப் பாவாடை, சடையில பூ, பாத்தீங்களா?" என்று எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டான். அவர்கள் சொன்ன பதில் பல்பு வெளிச்சத்தில் பாதி தெரிந்தது, பாதி இருட்டில் போயிற்று. ஒரு பெண் மேலே கம்பத்தைக் கைகாட்டி என்னவோ சொன்னாள். அவன் அண்ணாந்து பார்த்தான். குழாய் ஒலிபெருக்கி. குழாய்க்கு உதடு இல்லை. அதில் ஏதோ பாட்டுப் போகிறது என்று நினைத்தான். கேட்டுக்கொண்டதுபோலத் தலையாட்டிவிட்டு நகர்ந்தான்.

கடலைக்காரன் ஒருவன் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினான். வாயில் பீடி, அதற்குமேல் மீசை. ஏதோ கேட்டான். காசிநாதன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. 'எனக்குக் காது கேட்காது அண்ணா, கொஞ்சம் பீடியை எடுத்துவிட்டுச் சொல்லு' என்று சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் குடியாத்தம் முகம் ஒன்று போனது; எந்தக் கொட்டகை ஆளோ. இத்தனை வருஷத்துப் பயம் அவன் வாயைப் பொத்தியது. "ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு மேலே நடந்தான். கடலைக்காரன் இவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் பெரிய ராட்டினத்தடியில் போய் நின்றான். மூச்சு வாங்கியது. ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தி நிறுத்திச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதற்கோ நிமிர்ந்தான். உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தொட்டியில் பச்சைப் பாவாடை.

அம்சா அவனை அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொட்டிக்கு வெளியே எட்டி, வாயை நன்றாகத் திறந்து, செய்தி அம்மாளைப்போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவ்வளவு உயரத்திலும் அவன் படித்துவிட்டான்.

"நைனா. நா இங்க கீறேன்."

அவனுக்கு உயிர் வந்தது. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ராட்டினம் இறங்கி வந்திருக்கும், குழந்தையைத் தூக்கியிருப்பான், இரண்டு பேரும் குடியாத்தம் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். ஆனால் பெற்ற மனம் சும்மா இருக்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி, கொட்டகைப் பேச்சில், 'எங்கே போனே? எங்கெல்லாம் தேடினேன்!' என்று கேட்டான்.

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். மாடியில் அப்பன் சொல்லுவானே, அதேபோல அம்சா எழுந்து நின்றாள். கம்பியை விட்டாள். 'உன்னைத்தான் நானும் தேடினேன்' என்று இரண்டு கையாலும் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சொல்லும்போது ராட்டினம் நகர்ந்தது.

அவள் விழுவதை அவன் முழுசாகப் பார்த்தான். சுற்றி நின்றவர்களின் வாயெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. அவனுக்கு மட்டும் ஒரு சத்தமும் இல்லை. காலடியில் தரை ஒரு முறை லேசாக அதிர்ந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போகும்போதே போய்விட்டாள்.

தகவல் போய்த் தனகோடி வந்து சேர்ந்தபோது, காணாமல் போன பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையிலிருந்த சவுரியம்மாள் அங்கே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நடந்ததை அவர்தான் தனகோடியிடம் சொன்னார்.

"அழுதுகினு நின்ன புள்ளைய நாந்தாம்மா கூட்டியாந்தேன். நைனா பேரு, ஊரு, எல்லாம் கரெக்டா சொல்லிச்சி. பாட்டையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டு, குடியாத்தம் காசிநாதன், குடியாத்தம் காசிநாதன்னு தொண்டை கட்றவரைக்கும் மைக்ல கூப்பிட்டோம். உங்க ஊட்டுக்காரரு வரவேயில்ல. 'இன்னா கண்ணு, உங்க நைனாக்குக் காது கேக்காதா'ன்னு சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன். 'அதெல்லாம் நல்லா கேக்கும்'னு வெடுக்குனு சொல்லிச்சி. அப்புறம், 'என்னை ராட்டினத்துல ஏத்துங்கக்கா, மேல இருந்தா நைனாக்கு நா தெரிவேன்'னு ஒரே புடிவாதம். பாவமா இருந்திச்சி. நாந்தான் ஏத்தி உட்டேன். நாந்தாம்மா ஏத்தி உட்டேன்."

தனகோடி திரும்பிக் காசிநாதனைப் பார்த்தாள். "ஊருக்கே கேட்டுதாமே. உனுக்கு எங்கய்யா போச்சு காது?"

"எனக்குக் காது கேக்காது, தனகோடி." சொல்லிவிட்டான். எவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாப்பாக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லாதன்னு சொல்லியிருந்தேன்."

தனகோடி அவனை அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய நேரமெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் பேசினாள். அவள் தோள் குலுங்குவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரியும். என்ன சொல்கிறாள் என்று தெரியாது. அவளுக்கு அது தெரிந்தேதான் அப்படிப் பேசினாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் காசிநாதன் முதலாளி வீட்டுக்குப் போனான். வேலையை விட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தான். கோவிந்தராஜ் வாசல் அறையில் நூல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, எனக்கு ரொம்ப நாளாவே காது கேக்காது. மறைச்சிட்டேன். நா நின்னுக்கறேன்."

கோவிந்தராஜ் பொட்டலத்தைக் கீழே வைத்தார். அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, உதட்டை நன்றாகப் பிரித்துப் பிரித்துப் பேசினார். அவர் எப்போதுமே தன்னிடம் அப்படித்தான் பேசியிருக்கிறார் என்பது காசிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனுக்குத் தெரியாதாடா? நம்ம கொட்டாயில பாதி பேருக்குக் கேக்காது. இந்தப் பக்கத்துக் காது எனுக்கே அவுட்டு. தறியில நின்னவன் எவனுக்குடா கேக்குது?"

"சுப்பராயன நிறுத்தினீங்களே..."

"அவன் குடிச்சிட்டு வந்து நின்னான். அதான் அனுப்பிட்டேன். காதுக்கு யாராவது ஆளை நிறுத்துவாங்களாடா?"

காசிநாதன் தலையாட்டினான். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தான். வயிற்றிலிருந்த பயம் இத்தனை வருஷம் கழித்துக் காலியாகியிருந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இது பயத்தைவிடக் கனம். ஒன்றுமில்லாத ஒன்றுக்காகக் குழந்தை வாயைக் கட்டிக்கொண்டு செத்துப் போயிருக்கிறாள். அவள் காப்பாற்றிக்கொடுத்த வேலையை யாரும் பறிக்க நினைக்கவே இல்லை.

கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. செய்தி ஆரம்பிக்கிற நேரம். இவனைப் பார்த்ததும் சிலர் நகர்ந்து அவனுக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். திரையில் அந்த அம்மாளின் முகம் புள்ளிகளுக்குள் அமுங்கிக் கிடந்தது. ஆண்டெனா திரும்பியிருந்தது. ஒருவரும் அவனை ஏறச் சொல்லவில்லை. ரங்கம்மாள் வேண்டாம் என்று கையைக்கூட ஆட்டினார். பழக்கத்தில் காசிநாதனின் கால் தானாக மாடிப்படியை நோக்கிப் போயிற்று.

மேலே காற்று பலமாக இருந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துத் திருப்பினான். திருப்பிவிட்டுக் கீழே முற்றத்தைப் பார்த்தான்.

கூடத்து வாசலில் நாலைந்து பேர் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எல்லார் வாயும் அசைந்தது. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசியதால் ஒன்றும் விளங்கவில்லை. அம்சா நிற்கிற இடத்தில் வாளி ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. தெரிகிறதா, இன்னும் திருப்பணுமா என்று கேட்க அவன் கைகள் எழப் பார்த்தன. அவன் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.